மாடு நின்றால் தெரியுமா?

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா லாரி ஓட்டுபவர். சென்ற மார்கழியில் ஓர் இரவு, தருமபுரியிலிருந்து பொம்மிடிக்கு வரும் வழியில், எதிரே வந்த வண்டியின் விளக்கு அவர் முகத்தில் அடித்தது. கண் கூசிய அந்த இரண்டு மூன்று நொடியில் சாலையில் நின்ற மாடு தெரியவில்லை. கடைசி நேரத்தில் வண்டியை ஒடித்தார். லாரி புளியமரத்தில் மோதிற்று. மாடு தப்பியது. அவருக்குக் கால் முறிந்து, ஐந்து மாதம் கட்டிலில் கிடந்தார்.

பார்க்கப் போன எங்களிடம், "இப்பல்லாம் வண்டியிலேயே கேமரா வெக்கிறாங்களாமே, அதுக்காவது கண்ணு கூசாதா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தோம். பத்தாம் வகுப்பு என்று பெயர்தான்!

அன்று மாலை மாதா கெபியின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, சிஸ்டரின் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தோம். சுடர் சரியாக விழுந்தால் மாதாவின் முகம் கறுத்துப் போயிற்று; முகம் தெளிந்தால் சுடர் வெள்ளைத் திட்டாயிற்று. எங்கள் கண்ணுக்கோ இரண்டும் ஒருங்கே தெரிந்தன. இது எப்படி?

விடையை அறிவியல் ஆசிரியையிடமும் நூலகத்திலும் தேடினோம். நம் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் சுமார் 12 கோடிக்கு மேல் உள்ளன. ஆனால் மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் இழைகள் ஏறக்குறைய 10 இலட்சமே! ஆகவே கண் கண்டதையெல்லாம் அப்படியே அனுப்புவதில்லை. பக்கத்துக்குப் பக்கம் என்ன வேறுபாடு, நொடிக்கு நொடி என்ன மாற்றம் என்று விழித்திரையே சலித்து அனுப்புகிறது. மூளையின் வேலை கண்ணிலேயே தொடங்கிவிடுகிறது.

இதைச் சில்லில் செய்து பார்த்தவர் உயிரியல் பயின்ற ஒரு பெண் என்பதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. அமெரிக்காவின் மிஷா மஹோவால்டு, தம் பேராசிரியர் கார்வர் மீடுடன் சேர்ந்து 'சிலிக்கான் விழித்திரை' பற்றி 1991-இல் எழுதினார். 1996-இல் 33 வயதிலேயே காலமானார். அவர் தொடங்கிய வழியில் சூரிச் நகரில் டோபி டெல்பிரக் குழுவினர் 2008-இல் ஓர் உணரியை வெளியிட்டனர். அதில் 16,384 புள்ளிகள். ஒவ்வொன்றும் தனித்தனியே விழித்திருக்கும். தன்மேல் விழும் ஒளி முன்னைவிட இத்தனை பங்கு கூடியது அல்லது குறைந்தது என்றால் மட்டும் குரல் கொடுக்கும். ஒரு புள்ளியில் முகவிளக்கு அடித்தாலும் அடுத்த புள்ளி இருட்டில் தன் வேலையைச் செய்யும். சாதாரண வீடியோக் கேமரா ஏறக்குறைய ஆயிரம் மடங்கு ஒளி வேறுபாட்டிலேயே திணறும். இது 10 இலட்சம் மடங்கையும் தாங்கும். நமக்கு அருகே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 2023-இல் இவ்வகைக் கேமராவை நுண்ணோக்கியில் பொருத்தி, 50 நானோமீட்டரிலும் சிறிய துகள்களின் இருப்பிடத்தைக் கண்டனர்.

இத்தனையும் அறிந்துகொண்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் பெருமையோடு அவர் வீட்டுக்குப் போய் ஒப்பித்தோம். மாற்றத்தை மட்டுமே பார்க்கும், அசையாததை அது காணாது என்றும் சொல்லிவிட்டோம். அவர் எங்களை மடக்கிவிட்டார்.

"ஏன் கண்ணு, அன்னிக்கு மாடு அசையாமத்தானே நின்னுச்சு? அப்போ அதுக்கும் தெரியாதே?"

ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் மகள்தான் பதில் கண்டுபிடித்தாள். "மாடு நின்னா என்னப்பா, நீங்க ஓட்டிக்கிட்டுத்தானே போனீங்க? கேமராவுக்கு மாடு நகர்ற மாதிரிதான் இருக்கும்."

"லாரியும் நின்னு, மாடும் நின்னுச்சுன்னா?"

"நின்னா அப்புறம் எதுக்குப்பா கேமரா?"

ஐந்து மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்ததை நாங்கள் அன்றுதான் கண்டோம்.