தட்டை வில்லை

லென்ஸ் என்பது இலத்தீன் மொழியில் ஒரு பருப்பின் பெயர். நடுவிற் புடைத்து விளிம்பில் மெலிந்த அதன் வடிவு பற்றிக் கண்ணாடிக்கும் அப்பெயர் வந்தது. நம்மவரோ அதனை வில்லை என்றனர். கூரை வேயும் வில்லை ஓடும், சேவகன் மார்பில் அணியும் வில்லையும் தட்டையானவை அல்லவா? அப்பெயருக்கு முற்றும் பொருந்திய கண்ணாடி இப்பொழுதுதான் பிறந்திருக்கின்றது. சொல்லாராய்ச்சி நிற்க.

யான் இதனைத் தேடிப் படிக்கக் காரணம் என் தந்தையார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புருக்கும் ஆலையொன்றில் வேலை செய்பவர். சென்ற ஆண்டு நீங்காத இருமல் கண்டு, மருத்துவர் அவர் சுவாசப்பைக்குட் குழாய் செலுத்திப் பார்த்துச் சதைத்துணுக்கும் எடுத்தனர். அது போதாதென்று மறுமுறை அழைத்தபோது, "உள்ளேயே போய்ப் பார்த்தார்களே தம்பி, இன்னும் எதைப் பார்க்க?" என்றார். குழாய் காட்டுவது சுவரின் மேற்பூச்சை; நோய் ஒளிந்திருப்பதோ பூச்சின் அடியில். இரண்டாம் துணுக்கிற் புற்று இல்லையென்று தெரியும்வரை, பன்னிரண்டு நாள், எங்கள் வீட்டில் இரவு ஜெபம் நீண்டது.

சுவரைக் கீறாமலே அதன் உட்புறத்தை ஒளிகொண்டு காணும் முறை முன்னரே உண்டு. ஆயினும் குழாய்முனையிலுள்ள சிறு வில்லையின் குறைகளால் உருவம் மங்கும். 2018-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தாரும் மாஸசூசெட்ஸ் பொது மருத்துவமனையாரும் அம்முனையில் தட்டை வில்லையைப் பொருத்தினர். அறுத்தெடுத்த மனிதச் சுவாசப்பைத் துண்டுகளிலும், உயிருள்ள செம்மறியாட்டின் மூச்சுக்குழலிலும் நுண்ணிய அமைப்புக்கள் தெளிவாய்த் தெரிந்தன.

இவ்வில்லையில் வளைவே இல்லை. தகட்டின்மீது எண்ணிறந்த நுண்தூண்கள் நிற்கும். ஒளி ஒவ்வொரு தூணிலும் வெவ்வேறளவு தாமதித்து வெளிப்போந்து ஓரிடத்திற் கூடும். கப்பாசோ என்பாரின் குழு 2016-இல் செய்த வில்லையில் தூணின் உயரம் 600 நானோமீட்டர். மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறே நானோமீட்டர். அதில் ஒளியை வேண்டியவாறு திருத்தியது, ஒவ்வொரு தூணும் திரும்பி நின்ற கோணமாம்.

இக்கோணக் கணக்கின் வேர் நம் நாட்டிலுள்ளது. 1956-இல் பெங்களூரில் அதனை எழுதியவர் பஞ்சரத்தினம், சர் சி. வி. இராமனின் சகோதரி மகன். அப்பொழுது வயது 22. பெரி என்னும் ஆங்கிலேயர் 1984-இல் அதனினும் விரிந்த உண்மையொன்றைக் கண்டறிந்த பின்னரே உலகம் அக்கட்டுரையைத் திரும்பிப் பார்த்தது. பஞ்சரத்தினமோ 1969-இலேயே, 35 வயதில், ஆக்ஸ்போர்டில் காலமாகிவிட்டார். அவருடைய பெயர் நம் பள்ளிப் புத்தகம் எதிலும் என் கண்ணிற் பட்டதில்லை.

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் சொன்னேன். பொறுமையாய்க் கேட்டிருந்து, "அந்தக் குழாய் நம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டதா?" என்றார். இன்னும் இல்லை என்றேன்.