பதினோராம் மணிவேளையில் வந்தவன்



நான் போதகரும் அல்ல, பெரிய படிப்புப் படித்தவனும் அல்ல. பாக்டரியில் பிஸ்கற் பெட்டி அடுக்குகிறவன். ஆனாலும் வேதத்திலுள்ள உவமை ஒன்று எனக்கு விளங்கியது அந்த வேலையால்தான். அதை இங்கே எழுதுகிறேன்.

2018 தை முதலாம் திகதி ஒன்ராறியோவில் ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 11.60 டொலரிலிருந்து 14 டொலராக ஏறியது. எல்லோருக்கும் சந்தோசம். எனக்கோ வயிற்றெரிச்சல். ஆறு வருடம் அதே லைனில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அப்போது என் சம்பளம் 14.15 டொலர். அந்த மாதம் ஏஜென்சி மூலம் வவுனியாப் பொடியன் ஒருவன் புதிதாக வந்தான். முதல் நாளே அவனுக்கு 14 டொலர். என் ஆறு வருடத்துக்கு விலை வெறும் 15 சதம்!

முதலாளியிடம் கோபத்தைக் காட்டப் பயம். பொடியனிடம் காட்டினேன். பெட்டி ஒட்டும் மிசின் சிக்கினால் எப்படி நிற்பாட்டிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியும். சொல்லிக் கொடுக்கவில்லை. பெட்டிகள் குவிந்தன. சூப்பர்வைசர் எல்லோருக்கும் முன்னால் அவனை ஏசினார். நான் குனிந்து என் வேலையைப் பார்த்தேன். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து காரில் வந்தபோது, பஸ் தரிப்பில் மெல்லிய ஜக்கற்றோடு நடுங்கிக்கொண்டு நின்றான். கண்டும் காணாதவன் போலப் போய்விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் மத்தேயு 20ஆம் அதிகாரம் வாசித்தோம். திராட்சைத் தோட்டத்து எஜமான் விடிய ஆட்களைப் பிடிக்கிறார். பிறகு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை போய் இன்னும் கூப்பிடுகிறார். கடைசியாகப் பதினோராம் மணிவேளை, அதாவது பின்னேரம் ஐந்து மணிக்கும் கூப்பிடுகிறார். முடிவில் எல்லோருக்கும் ஒரே கூலி. அக்காலத்தில் அது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். விடிய வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

"அதிலை என்ன பிழை? பின்னேரம் மட்டும் சும்மா நிண்டவைக்கும் அதே கூலியோ?" என்று கேட்டுவிட்டேன்.

மூலையில் இருந்த ஆச்சி சொன்னா: "அவை ஏன் சும்மா நிண்டவை மோனை? ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடேல்லை எண்டுதானே சொல்லினம். வடிவா வாசி."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

2010 ஆவணி 13இல் 'சன் சீ' கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்த 492 பேரில் நானும் ஒருவன். பிறகு ரொறன்ரோவுக்கு வந்து, 2011 மாரியில் விடிய நாலரைக்கு எழும்பி ஏஜென்சி வாசலில் நிற்பேன். பெயர் கூப்பிடுவார்கள். ஒன்பது மணி மட்டும் என் பெயர் வராவிட்டால் பஸ் காசும் நட்டம். "வேலைக்குப் போனியோ அப்பு?" என்று அம்மா போனில் கேட்பா. "ஓமம்மா" என்று பொய் சொல்லுவேன். பெட்டி தூக்கிய நோ படுத்தெழும்ப மாறிவிடும். ஒருவரும் கூப்பிடாமல் நின்ற நாட்களின் நோ இன்னும் மாறவில்லை.

விடிய வந்தவர்களுக்குப் பேசிய கூலியில் எஜமான் ஒன்றும் குறைக்கவில்லை. கடைசியில் வந்தவனின் வீட்டிலும் அன்றைக்கு அடுப்பெரிய வேண்டும் என்று நினைத்தார். பொடியனுக்கு 14 டொலர் கிடைத்ததால் என் சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை. என் மனந்தான் குறைந்திருந்தது.

திங்கட்கிழமை அவனுக்கு மிசின் வேலையைக் காட்டிக் கொடுத்தேன். "தம்பி, இரவு காரிலை வாரும்" என்றேன். "வேண்டாம் அண்ணை, பஸ் இருக்கு" என்றான். அன்றிரவு நான் கடந்து போனதைக் கண்டிருக்கிறான். மூன்றாம் நாள்தான் ஏறினான். வழியில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணை" என்றான். வேறொன்றும் பேசவில்லை.

புதிதாக வந்திருக்கும் சகோதரங்களே, வேலை எடுத்துத் தருவதற்கு ஏஜென்சி காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். 2009 முதல் ஒன்ராறியோவில் அது சட்டப்படி தடை. முந்தி வந்தவர்களே, இப்படித் தெரிந்தவற்றைப் பிந்தி வந்தவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். பஸ் தரிப்பில் யாராவது நின்றால் காரை நிறுத்துங்கள். நாமும் ஒருநாள் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று நின்றவர்கள்தானே.

ஆண்டவர் நம்மெல்லோருக்கும் தாராள மனதைத் தருவாராக.