சாமைக்கு ஒரு கொத்து, கிழங்குக்கு ஒரு பாரை

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலை ஏறுகிறவர்கள் ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, சோளக்காட்டில் அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையோடு படம் எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஓரி ஒரே அம்பில் வீழ்த்தியதை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஆடி மாதத்தில் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. அந்த அம்புக்கு முனை அடித்துக் கொடுத்த கொல்லனைப் பற்றி மட்டும் யாருக்கும் கேள்வி இல்லை. நான் போனது அவனுடைய இன்றைய வாரிசைத் தேடி.

பட்டறைக்குத் தகரக் கூரை, மூன்று பக்கமும் திறப்பு. நடுவில் உலை, பக்கத்தில் மண்ணில் பாதி புதைந்த பட்டடைக்கல், ஒரு தண்ணீர்த் தொட்டி. தோல் துருத்தி போய் மோட்டார் ஊதி வந்துவிட்டது. ஆனாலும் சைக்கிள் சக்கரம் பூட்டிய பழைய கைவிசிறியைக் கொல்லர் கழற்றிப் போடாமல் வைத்திருக்கிறார். "மலையில கரண்ட நம்பி உலை மூட்ட முடியுங்களா சார்?" என்றார். அறுபதைத் தாண்டியவர். வலது முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட புள்ளிகள்.

அவருடைய மூலப்பொருள் லாரி ஸ்பிரிங் பட்டை. நாமக்கல்லுக்கு லாரித் தொழில் எப்படியோ, இவருக்கு லாரிக் கழிவு அப்படி. உருக்குப் பட்டை நல்ல கூர் தாங்கும், கடையில் விற்கிற சாதாரண இரும்புக் கம்பி தாங்காது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சேலம் வட்டாரத்து இரும்புத் தாதுவை 1864இல் வகைப்படுத்திய கிங், புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர்கள், தலைமலை - கொல்லிமலைத் தொகுதி என்றே ஒன்றைக் குறித்தார்கள். காந்தத்தில் ஒட்டும் கல் இந்த மலையிலேயே கிடக்கிறது. இந்தக் கொங்குச் சீமையில்தான், கொடுமணலில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இரும்பு உலைகள் தோண்டி எடுக்கப்பட்டன. இன்றைக்கு மலைக்கு வேண்டிய இரும்பு கீழிருந்து பழைய இரும்பாக ஏறி வருகிறது.

பட்டறை வாசலில் ரிப்பேருக்குக் குவிந்து கிடந்த கருவிகளைக் கிளறிப் பார்த்தால் மலையின் விவசாய வரலாறே கிடைக்கும். அடியில் துருப்பிடித்த களைக்கொத்துகள், கருக்கு மழுங்கிய கதிர் அரிவாள்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் மலை முழுக்க விளைந்த காலத்தவை. மேலே கிடந்தவை பாரைகள். சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி மேலேறியதும் சிறுதானியக் காடுகள் சுருங்கின. கிழங்குக்குத் தோண்டுகிற கருவிதான் வேண்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இங்கே சிறுதானியத்தைத் தூக்கி நிறுத்தப் பாடுபடுகிறது. விதை பேசப்படுகிறது, அரைவை இயந்திரம் பேசப்படுகிறது. களைக்கொத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நான் இருந்தபோது ஓர் அம்மா கொத்து அடித்து வாங்க வந்தார். "எந்தக் காடுங்க ஆத்தா, மேல்காடா பள்ளக்காடா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொல்லர் இரும்பை எடுத்தார். மேல்காட்டுச் சரிவில் மேல்நோக்கி நின்று களை எடுக்கும்போது மண் கைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். நீளக் காம்பு வயிற்றில் இடிக்கும். அதனால் காம்பு குட்டை, வாயின் வளைவு கூடுதல். அந்த அம்மாவின் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை கண்ணாலேயே அளந்தார். அச்சில் வார்த்து மூட்டை மூட்டையாக வரும் கொத்துக்கு மேல்காடும் தெரியாது, கீழ்க்காடும் தெரியாது.

அடிப்பதைவிடத் தோய்ச்சல்தான் வித்தை. பழுத்த இரும்பின் வாயை மட்டும் ஒரு விரற்கடை தண்ணீரில் காட்டினார். முதுகில் சூடு அப்படியே இருந்தது. உடனே எடுத்து வாயைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முதுகுச் சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்க இறங்க நிறம் ஓடியது: வெளிறிய மஞ்சள், பிறகு பழுப்பு, அதன் பின்னாலேயே ஊதா. ஊதா எட்டிப் பார்த்த கணத்தில் மொத்தத்தையும் தண்ணீரில் போட்டார். மஞ்சளிலேயே நிறுத்தினால் கல்லில் பட்டதும் வாய் சில்லு போகும். நீலம் தாண்டிவிட்டால் மடங்கிக்கொள்ளும். வெப்பமானி கிடையாது, அந்த நிறம்தான் கணக்கு.

மூலையில் வேறு சில பொருள்களும் இருந்தன. மலைத்தெய்வம் மாசி பெரியசாமிக்கு நேர்ந்துகொண்டவர்களுக்காக அடித்த வேல்கள். ஒரு மயில் கதவுக்கொக்கி: ஒரே கம்பியை முறுக்கிக் கழுத்தாக்கி, நுனியைத் தட்டிக் கொண்டையாக்கி, உளியால் ஒரு தட்டுத் தட்டிக் கண் வைத்திருந்தார். விலைக்கா என்றேன். "சும்மா இருக்கறப்ப அடிச்சதுங்க" என்றார்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும் தஞ்சாவூர்த் தட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு, கண்காட்சியில் கடை உண்டு. வேண்டியதுதான். ஆனால் பித்தளை என்றால் கலை, இரும்பு என்றால் கூலி வேலை என்று நாம் போட்டுவைத்திருக்கிற கோடு எனக்கு ஒப்பவில்லை. அந்த மயிலைவிட அந்தக் கொத்துதான் பெரிய கைவேலை என்பேன்.

2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லு வேலையும் உண்டு. தமிழக அரசு அதை ஏற்காமல் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 விழுக்காடு மானியம். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "கடன் கெடைக்குங்க. எதிர்ச் சம்மட்டி போட ஆள் கெடைக்கலயே." மகன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடக்கே போர் போடப் போயிருக்கிறான். கொல்லுப் பட்டறை ஓர் ஆள் தொழில் அல்ல. பழகுகிற பையனுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வழி செய்தால்தான் இது நிற்கும், கடனால் நிற்காது.

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் மிளகோடு ஓர் அரிவாள்மணையோ, தேங்காய் வெட்டும் கொடுவாளோ சொல்லி அடித்து வாங்குங்கள். அரை நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். பேரம் பேசாதீர்கள். கொடுவாளைச் சாக்கில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள், வழியில் போலீஸ் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.