மஞ்சளும் சுருக்கமும்

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம் நிற்கும் ஜூ டவுன், சுக்கும் மிளகும் மணக்கும் தெரு. அங்கேதான் நாம் கஸ்தூரி மஞ்சள் வாங்கினோம். மூப்பை மறைக்கும் ஆசை யாரை விட்டது?

உண்மைக் கஸ்தூரி மஞ்சள் வெளிறிய நிறமும் கற்பூர வாசமும் உடையது; அவ்வடையாளம் பார்த்து வாங்கி, பாலில் குழைத்து நாற்பது நாள் பூசினோம். தோல் மென்மையுற்றது, கண்ணோரச் சுருக்கம் கலையவில்லை. பல்லாண்டு வெயில் ஆழத்தில் சிதைத்த கொலாஜன் புரதத்தை மேற்பூச்சு மீட்குமோ?

அத்தெருவிலே பூத்தையல் கடை நடத்திய சாரா கோகன் அம்மையார் 2019-இல் 96 வயதில் மறைந்தார். நிழற்படங்களில் அவர்தம் முகச்சுருக்கங்களும் சேர்ந்தே சிரிக்கின்றன. அச்சிரிப்புக்கு எந்தப் பூச்சு ஈடாகும்?

இப்பொழுது வெயிலுக்குக் குடை பிடிக்கிறோம். மஞ்சளையும் விட்டோமில்லை, மணத்துக்காக.