வனமனிதனும் வளவு மந்தியும்

கொழும்புக்கு வரும் வெளியூர் உறவினர் தவறாது காண விரும்பும் இடங்கள் சில உள. காலிமுகத்திடல் அவற்றுள் ஒன்று. தெஹிவளை மிருகக்காட்சிசாலை மற்றொன்று. வெள்ளவத்தையில் வாழும் நம்மவர் பலருக்கு, ஊரிலிருந்து வந்த பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளிலேனும் அங்கு அழைத்துச் செல்லாவிட்டால் விருந்தோம்பல் நிறைவுற்றதாகத் தோன்றுவதில்லை. காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றால் தெஹிவளைச் சந்தி வரும். மேற்கே கடலும் அதன் கரையோடு ஓடும் புகையிரதப் பாதையும் கிடக்க, கிழக்கே திரும்பி உள்ளே சென்றால், மேடும் பள்ளமுமான நிலத்தில் நிழல் மரங்களின் நடுவே அமைந்திருக்கிறது அச்சாலை.

இதன் வரலாறு பலர் அறியாதது. ஹம்பேர்க் நகரத்து ஹேகன்பெக் குடும்பம் உலகெங்கும் காட்டு விலங்குகளை வாங்கி விற்றுப் புகழும் பொருளும் ஈட்டிய குடும்பம். அக்குடும்பத்தவராகிய ஜோன் ஹேகன்பெக் என்பார் இலங்கையில் தங்கி அவ்வணிகத்தை நடத்தினார். அவர் 1920களின் பிற்பகுதியில் தெஹிவளையில் திரட்டி வைத்த விலங்குகளே இன்றைய சாலைக்கு வித்தாயின. பின்னர் அவரது நிறுவனம் நொடித்துப்போக, 1936இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. வாணிகப் பண்டமாய்க் கூட்டில் அடைபட்டிருந்த உயிர்கள் பொதுமக்களின் காட்சிப் பொருளாயின. அக்காலத்தில் அதனைக் குற்றமெனக் கருதினார் எவருமிலர்.

எந்த நாட்டு மிருகக்காட்சிசாலையிலும் மக்கள் நெடுநேரம் நிற்கும் இடம் மனிதக் குரங்குகளின் கூடே. சிங்கத்தைக் கண்டு வியக்கிறோம். பாம்பைக் கண்டு அஞ்சுகிறோம். மனிதக் குரங்கைக் காணும்போதோ நம்மையே காண்பது போன்றதொரு தயக்கம் உண்டாகிறது. அவ்வினத்துள் ஆசியாக் கண்டத்துக்கு உரிய பெருங்குரங்கு ஒராங்குட்டான் ஒன்றே. ஏனைய பெருங்குரங்குகள் ஆபிரிக்காவைச் சேர்ந்தவை. மலாய் மொழியில் 'ஓராங்' என்றால் மனிதன். 'ஹூத்தான்' என்றால் காடு. வனமனிதன் என்பதே அப்பெயரின் பொருள். செந்நிற உரோமம் போர்த்த அவ்வுயிர் போர்னியோ, சுமாத்திரா ஆகிய இரு தீவுகளில் மாத்திரமே வாழ்கிறது. மரங்களில் வாழும் பாலூட்டிகளுள் அதனினும் பெரியது வேறில்லை. இரவு தோறும் கிளைகளை வளைத்து, இலைகளைப் பரப்பித் தனக்கெனப் படுக்கை அமைத்து உறங்குவது அதன் வழக்கம். தாய் ஒரு குட்டியை ஈன்றால் அடுத்ததை ஈன ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். அக்காலமெல்லாம் குட்டி தாயுடனிருந்து, எக்காய் உண்ணத் தக்கது, எம்மரம் எப்போது பழுக்கும் என்றெல்லாம் பயில்கிறது. ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு அத்தாயின் பொறுமை பொறாமையைத் தருகிறது.

இத்தகைய உயிருக்கு வந்த இடர் யாது? காடு அழிதலே முதலாவது. வெட்டுமரத்துக்காகவும், பின்னர் செம்பனைத் தோட்டங்களுக்காகவும் அத்தீவுகளின் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. 1997ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் மூண்ட தீக்கள் எஞ்சியவற்றுள்ளும் பெரும் பகுதியைத் தின்றன. உணவு தேடித் தோட்டங்களுள் புகுந்தவை கொல்லப்பட்டன. குட்டியை விற்பதற்காகத் தாயைக் கொல்லும் கொடுமையும் உண்டு. ஏனெனில் உயிருள்ள தாய் தன் குட்டியை ஒருபோதும் கைவிடாது. 1999க்கும் 2015க்கும் இடைப்பட்ட காலத்தில் போர்னியோவில் மாத்திரம் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட ஒராங்குட்டான்கள் அழிந்தன என 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. 2017இல் சுமாத்திராவின் தாப்பனூலிப் பகுதியில் உள்ளவை தனியினம் என அறிவியலார் கண்டறிந்தனர். கண்டறிந்த அன்றே அவற்றின் தொகை எண்ணூறுக்கும் குறைவு. பிறந்த குழந்தைக்குப் பெயரிடும் நாளிலேயே மரண அறிவித்தலும் எழுதுவது போன்றது அது.

இவற்றைக் கேட்போர் இரக்கம் கொள்வர். கடல் கடந்த நாட்டாரின் பேராசையை இகழ்வர். நம் சமையலறை எண்ணெயிலும் பிஸ்கட்டிலும் சவர்க்காரத்திலும் அச்செம்பனையின் பங்கு உண்டு என்பதைச் சிலரே நினைப்பர். அதனினும் குறைவானோர் அறிந்த செய்தி வேறொன்று உளது. மரத்தை விட்டு இறங்க விரும்பாத, மரம் இழந்ததனால் மடிந்துகொண்டிருக்கிற ஓருயிர், தெஹிவளைச் சாலையின் மதிலுக்கு வெளியே, கொழும்பின் அயலூர்களில், கூடின்றியும் நுழைவுச்சீட்டின்றியும் வாழ்கிறது. ஊதாமுக மந்தி என்பது அதன் பெயர். சிங்களத்தார் அதனைக் 'கலு வந்துரா', அதாவது கரிய மந்தி என்பர்.

இலங்கையையன்றி உலகில் வேறெங்கும் இவ்வினம் இல்லை. இதன்கண் நான்கு கிளையினங்களை வகுத்துக் கூறுவர். அவற்றுள் மேற்குக் கரையோர ஈரவலயத்துக்கு உரியதே கொழும்பின் அயலில் வாழ்வது. அருகிச் செல்லும் உயிர்களைப் பட்டியலிடும் உலக அமைப்பு, இதனை ஒராங்குட்டானோடு ஒரே படியில், மிக ஆபத்தான நிலையில் உள்ளதென வைத்திருக்கிறது. உலகில் மிகவும் அழிவுக்குள்ளாகியுள்ள 25 குரங்கினங்களின் பட்டியலிலும் இது பலமுறை இடம்பெற்றது.

இதனைக் காண விரும்புவோர் பத்தரமுல்லைக்கு அப்பாலுள்ள தலங்கமைக் குளக்கரைக்குச் செல்லலாம். நாம் சென்றது ஒரு விடியற்காலையில். குளத்து நீரின்மேல் மூடுபனி கலையாத வேளை. திடீரென ஒரு பலாமரத்தின் உச்சியிலிருந்து கரகரத்த பெருங்குரல் ஒன்று எழுந்தது. சற்று நேரத்தில் மற்றொரு திசையிலிருந்து மறுகுரல் வந்தது. குடும்பத் தலைவனாகிய ஆண் மந்தி, 'இவ்வெல்லை எமது' என அயலானுக்கு அறிவிக்கும் முறை அது. பின்னர் இலைகளிடையே அவை தென்பட்டன. கரும்பழுப்பு மேனி, கரிய முகம், அதன் இருமருங்கும் பின்னோக்கி வாரிவிட்டாற் போன்ற வெண்தாடி, நெடிய வால். ஆண் ஒன்றும் பெண்கள் சிலவும் குட்டிகளுமாக அமைந்த சிறு குடும்பம். ஒன்றன்பின் ஒன்றாய்க் கிளைவிட்டுக் கிளை தாவி, அவ்வீட்டு வளவிலிருந்து அடுத்த வளவுக்குச் சென்று மறைந்தன.

வெண்தாடியைக் கண்டுதான் போலும், மேனாட்டு அறிஞர் 1777இல் இதற்குச் சிறு கிழவன் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரிட்டனர். அங்கே வனமனிதன், இங்கே கிழவன். இரண்டிலும் மனிதச் சாயலைக் கண்டே மனிதன் பெயர் சூட்டியிருக்கிறான். நம் முன்னோரோ இன்னும் நுட்பமாக நோக்கினர். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என வேறுபிரித்து, அவற்றின் பெண்ணுக்கு மந்தி என்னும் பெயர் உரியதெனக் கூறும். சங்கப் புலவர் பாடிய குறிஞ்சி நிலத்தில் பலாவும் மந்தியும் இணைபிரியாதவை. அப்பழைய காட்சி இன்று எஞ்சியிருப்பது மலைச்சாரலில் மாத்திரமன்று. கொழும்பின் புறத்தே ஏதோ ஒரு வீட்டுக் கொல்லையிலுமாம்.

ஆயினும் அக்கொல்லைக்கு உரியவர் மனம் வேறு. குளக்கரையில் நம்மோடு உரையாடிய முதியவர் ஒருவர், "பார்க்க அழகுதான், மாத்தயா. கூரை உங்களுடையதாக இருந்தால் தெரியும்" என்றார். ஓடுகள் உடைகின்றன, மழைநீர் வீட்டினுள் ஒழுகுகிறது, ரம்புட்டானும் மாங்காயும் பாதி கடித்தபடி நிலத்தில் கிடக்கின்றன. அவர் கூற்றில் பொய்யில்லை. கூரை மாற்றும் செலவை அறிந்தவர் எவரும் அவரைக் கடிந்துகொள்ள மாட்டார்.

எனினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் வெண்தாடி மந்திகளைக் குறிப்பிடுகின்றார். அவை காட்டிலேயே தங்கி, இலையும் துளிருமே உண்டு, மக்களுக்கு அதிகம் தீங்கு செய்யாதவை என்பது அவர் தரும் சான்று. அன்று தீங்கறியாத உயிர் இன்று கள்வனானது எவ்வாறு? அதன் குணம் மாறவில்லை. அதன் இடம் மாறியது. இலைகளைப் புளிக்கவைத்துச் செரிப்பதற்கென்றே பல அறைகள் கொண்ட இரைப்பை வாய்ந்தது அது. பலவகை மரங்களின் இலைகள் கிடைத்த காடு போய், பலாவும் மாவும் ரம்புட்டானும் மாத்திரம் நிற்கும் வளவுகளில் அது வாழ நேர்ந்தது. ஆகவே பழமே பெரும்பாலும் உணவாயிற்று. மரத்துக்கும் மரத்துக்கும் இடைவெளி அகன்றபோது கூரை அதற்குப் பாதையாயிற்று. நாம் பாலத்தை வெட்டினோம். அது நம் ஓட்டின்மேல் நடந்தது.

கூரையில் நடப்பவை பிழைத்தவை. மின்கம்பியைக் கொடியென நினைத்துப் பற்றியவை கருகி வீழ்கின்றன. நிலத்தில் இறங்கியவற்றை நாய்கள் குதறுகின்றன. வீதியைக் கடப்பவற்றை வாகனங்கள் மோதுகின்றன. தப்பியவையோ சிறுசிறு கூட்டங்களாய்த் துண்டிக்கப்பட்டு, அயற்கூட்டத்தோடு கலக்க வழியின்றித் தம்முள்ளேயே பெருகி நலிகின்றன. துப்பாக்கியும் பொறியும் இன்றியே ஓரினத்தை அழிக்கலாம்; மரங்களை ஒன்றுவிட்டொன்றாய் வெட்டினாற் போதும்.

இம்மந்திகளின் வாழ்வை நெடுங்காலம் ஆராய்ந்தவர் இராசநாயகம் ருத்திரன் அவர்கள். 1973இலேயே இவற்றின் குடும்ப அமைப்புப் பற்றி எழுதிய அவர், பின்னர் மேற்குக் கரையோர மந்திகள் வாழும் இடங்களை ஆராய்ந்து 2007இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இவற்றுக்கு எஞ்சியுள்ள பெரிய காட்டுப் புகலிடம் லபுகம, களட்டுவாவ என்னும் இரு நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 21 சதுர கிலோமீற்றர். அந்நீர்த்தேக்கங்கள் எவருக்கு உரியவை? கொழும்பு மாநகருக்குக் குடிநீர் வழங்குபவை அவை. அக்காடு நின்றால் மந்தி வாழும். அக்காடு நின்றால் நம் குழாயிலும் நீர் வரும். இருவர்க்கும் ஒரே தாய்முலை.

சட்டத் துணை இல்லாமலில்லை. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவ்வுயிரைக் காக்கிறது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டலாகாதென 1951ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்தது. மக்களின் உணவை முன்னிட்டுப் பிறந்த அச்சட்டம், மந்தியின் உணவையும் உறைவிடத்தையும் சேர்த்தே காப்பது அதன் அறியாத புண்ணியம்.

சட்டத்தினும் எளிய வழிகளும் உள. போர்னியோவின் கினபத்தாங்கன் ஆற்றுப் பகுதியில், மரங்கள் வெட்டப்பட்டமையால் சிற்றாறுகளைக் கடக்க இயலாது தவித்த ஒராங்குட்டான்களுக்காகக் கயிற்றுப் பாலங்கள் கட்டினர். அவை அப்பாலங்களில் நடப்பது 2010இல் படம்பிடிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் வால்பாறைப் புதுத்தோட்டத்தில், சிங்கவால் குரங்குகள் வீதியில் அடிபடாதிருக்க மரத்துக்கு மரம் பாலங்கள் தொங்குகின்றன. பாரிய பணமோ பேரறிவோ வேண்டிய காரியம் அன்று அது. கயிறும், கட்ட முன்வரும் கையும் போதும். மின்கம்பிகளுக்கு உறையிடலும், வீடு கட்டும்போது எல்லையோரத்து மரங்களையேனும் தொடர்ச்சியாய் விட்டுவைத்தலும், வெட்டிய பலாவுக்கு ஈடாக ஒன்றை நடுதலும் அவ்வகையினவே. கூரை உடைந்த முதியவரின் துயருக்கும் மருந்து இதுவே. மேலே வழியிருந்தால் மந்தி கீழே இறங்காது.

ஆகவே, தெஹிவளைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு ஒன்று கூறுவோம். மனிதக் குரங்குகளைக் காட்டுங்கள். போர்னியோக் காட்டின் கதையைச் சொல்லுங்கள். மற்றொரு விடியற்காலையில் தலங்கமைக்கும் அழைத்துச் செல்லுங்கள். தூரத்து வனமனிதனுக்காக நாம் செய்யக்கூடியது சிறிது. நம் வேலியோரத்துப் பலாமரத்தின் விதியோ முற்றும் நம் கையில் இருக்கிறது. அதனை வெட்டுவதா விடுவதா என்று தீர்மானிக்கும் நாளில், அதன் உச்சியில் குடியிருப்பவரையும் ஒரு பங்காளியாய் எண்ணிப் பார்த்தால், அப்பிள்ளைகளின் பிள்ளைகள் ஊதாமுக மந்தியைக் காணக் கூட்டைத் தேடிச் செல்ல வேண்டியிராது.