அடித்தளம் முதலில்

2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலால் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்கள் பல நாள்கள் இருளில் கிடந்தன. மின்சாரத்தை நம்பியிருத்தல் ஆகாது என்று அன்று உணர்ந்தோம். விரைவில் மறந்தும் போனோம்.

எங்கள் பங்கு அலுவலகக் கணினி தடுமாறியபோது, திரைக்கும் ஒலிக்குமான டிரைவர்களை முதலில் புதுப்பித்தோம். பயனில்லை. இறுதியில்தான் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பிக்க முனைந்தோம். பாதியிலே மின்சாரம் நின்றது. கணினி மீண்டும் எழவே இல்லை.

விண்டோஸ் எழுமுன்பே விழித்து, கணினியின் உறுப்புகளை ஆயத்தம் செய்யும் நிரலே பயாஸ். 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். வைரஸ் அதைச் சிதைத்தே பல கணினிகளை முடக்கியது.

பழுது பார்த்தவர் முறையைக் கற்பித்தார். முதலில் கோப்புகளுக்கு நகல். அடுத்து, போர்டின் மாதிரியும் பதிப்பும் சரிபார்த்து, யு.பி.எஸ். துணையுடன் பயாஸ். பிறகு சிப்செட் டிரைவர். அதன்பின் வலையிணைப்பு, ஒலி, திரை. தயாரிப்பாளரின் குறிப்பு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். தக்க காரணமின்றிப் பயாஸைத் தொடவே வேண்டாம்.

வன்தட்டில் இருந்த திருமுழுக்குப் பதிவுகள் தப்பின. புதிய போர்டுக்கோ ஏழைகளின் காணிக்கை செலவாயிற்று. அன்று சான்றிதழ் கேட்டு வந்த தாய்க்குப் பழைய கையெழுத்துப் பதிவேட்டைப் புரட்டியே எழுதிக் கொடுத்தோம்.

பாறைமீது வீடு கட்டியவனின் உவமையை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஆயினும், கண்ணுக்குத் தெரிவதை முதலில் அழகுபடுத்தி, காணாத அடித்தளத்தைக் கடைசிக்கு ஒதுக்குகிறோம். கணினியில் மட்டுமா?