"பத்து நிமிஷம்தானே, டீச்சர்?"

 

நம் தெருப் பையன் எப்போது மறுபடி கிரவுண்டில் இறங்குவான் என்று ஒரு மாதமாக எனக்கு வரும் விசாரிப்புகளுக்குக் கணக்கே இல்லை. துபாயிலிருந்து ஒருவர், ஓசூரிலிருந்து ஒருவர், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாலைந்து பேர். தனித்தனியாகப் பதில் எழுத என் கண் ஒத்துழைப்பதில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

பையன் பெயரை எழுதப் போவதில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. வயது பதினேழு, பிளஸ் டூ. அவன் அப்பாவும் என்னிடம் படித்தவர்தான். சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை. பையன் லெஃப்ட் விங்கில் ஓடினால் பிடிக்க ஆளில்லை. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி வரைக்கும் டோர்னமென்ட் நடத்துகிறவர்களுக்கு அவனைத் தெரியும். ஆகஸ்டில் குறுவட்டப் போட்டியில் ஆடும்போது பந்தைத் திருப்ப உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முட்டிக்குள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். யாரும் அவனை இடிக்கவில்லை, தள்ளவும் இல்லை. ஸ்கேனில் லிகமென்ட் முழுசாகக் கிழிந்திருப்பது தெரிந்தது. ஏ.சி.எல். என்கிறார்களே, அதுதான். செப்டம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்பாவின் இ.எஸ்.ஐ. அட்டை கைகொடுத்தது.

இந்த ஏ.சி.எல். என்றால் என்ன என்று பலருக்கும் சரியாகத் தெரியவில்லை. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு நார் அது. நாம் திடீரென்று நின்று திரும்பும்போது முட்டி நழுவாமல் காப்பது இதன் வேலை. முழுசாக அறுந்துபோனால் தானாக ஒட்டிச் சேருவது அரிது. அதனால் நோயாளியின் தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். நம் பக்கத்தில் நடவு பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். நாற்றங்காலிலிருந்து பறித்து வயலில் நட்ட பயிர் முதலில் துவண்டு மஞ்சளாகும். வேர் பிடித்த பிறகுதான் பச்சை கட்டும். புதிதாகப் பொருத்திய நாரும் அப்படித்தான். முதல் சில மாதங்களில் அது வலுவிழக்கிறது. பிறகு அதற்குள் ரத்த ஓட்டம் வந்து, மெல்ல மெல்ல லிகமென்டாக மாறுகிறது. ஆனால் வலியும் வீக்கமும் அதற்கு வெகு முன்னாலேயே போய்விடுகின்றன. பையன் நன்றாக நடக்கிறான், மாடி ஏறுகிறான், மெதுவாக ஓடவும் செய்கிறான். பார்க்கிறவர்கள் "சரியாயிடுச்சே!" என்கிறார்கள். அவனுக்கும் அப்படித்தான் தோன்றும். உள்ளே பயிர் இன்னும் வேர் பிடித்திருக்காது.

2016-ல் நார்வே நாட்டு ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஏ.சி.எல். அறுவை செய்துகொண்ட 106 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்பது மாதம் வரைக்கும், விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டி மறுபடி காயமாகும் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாம். கணக்குப் பாடம் எடுத்தவள் என்பதால் இந்தக் கணக்கு என் மனதில் பதிந்துவிட்டது.

நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளையே எடுத்துக்கொள்வோம். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ். கடலோர மீனவக் கிராமம். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்தும் பழகிவிடுவார்கள். சென்னை சிட்டி அணியில் தொடங்கி, ஜாம்ஷெட்பூர் போய், 2019-20-ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் ஆடினார். அந்த ஆண்டு இறுதிப்போட்டியில் நம் சென்னையின் எஃப்.சி.யைத் தோற்கடித்து ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற அணி அது.

எங்கள் வீட்டு மாடியில் அப்போது ஸ்டீல் கம்பெனியில் வேலை பார்த்த மூன்று வடமாநிலப் பையன்கள் குடியிருந்தார்கள். ஒருவன் ஜாம்ஷெட்பூர், இன்னொருவன் கொல்கத்தா பக்கம். ஷிப்ட் முடிந்து வந்தால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே போன், அதில் ஃபுட்பால். "மேடம், உங்க ஊரு சூசைராஜ்!" என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். இரவிபுத்தன்துறைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் எழுநூறு கிலோமீட்டர் இருக்கும் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது. தமிழ் பேசினால் எங்க ஊர், அவ்வளவுதான்.

2020 நவம்பர் 20. கொரோனா காலம். கோவா பம்போலிம் மைதானத்தில் பார்வையாளர் இல்லாமல் அந்த ஆண்டின் முதல் ஆட்டம். மோகன் பகானோடு இணைந்த புதிய அணி, எதிரே கேரளா பிளாஸ்டர்ஸ். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே சூசைராஜ் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ராய் கிருஷ்ணா கோல் போட்டு 1-0 என்று அணி வென்றது. ஆனால் அன்றைக்கு மாடியில் கொண்டாட்டச் சத்தமே இல்லை. காயம் ஏ.சி.எல். என்று தெரிந்தது. அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. கொல்கத்தாப் பையன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சூசைராஜ் எப்ப வருவார் மேடம்?" என்று கேட்பான். அவருடைய பெரியம்மா நான் என்பதுபோல! அடுத்த ஆண்டு திரும்பி வந்தார், ஆனால் வாய்ப்புகள் குறைவாகவே கிடைத்தன. பிறகு ஒடிசா அணிக்குப் போனார். அணி என்பது காத்திருக்காது. ஒருவர் இல்லாத இடத்தில் இன்னொருவர் வேர் விட்டுவிடுவார். இதில் யார்மேலும் குறை சொல்ல முடியாது.

இன்னும் பக்கத்தில் பார்த்தால் வியாசர்பாடி தனபால் கணேஷ். நம் ரயிலில் பேசின் பிரிட்ஜ் போய் இறங்கினால் எட்டிவிடும் தூரம்தான் வியாசர்பாடி. 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோல் அடித்தார். நான்கு நாள் கழித்துச் சென்னையின் அணி பெங்களூரை 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அப்போது அவருக்கு 23 வயது. அடுத்த சீசனின் பெரும்பகுதியை முழங்கால் காயம் தின்றுவிட்டது. அந்த ஆண்டு சாம்பியன் அணி பத்து அணிகளில் கடைசி இடத்துக்குப் போனது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் "கணேஷ் இருந்திருந்தா..." என்று வடசென்னையில் பேசாத ஆள் இல்லை.

இப்போது நம் பையன் கதைக்கு வருகிறேன்.

பொங்கலுக்கு நம் ஊரில் டோர்னமென்ட் நடந்தது. அறுவை நடந்து நாலு மாதம். வலி இல்லை, வீக்கம் இல்லை. டீம் பையன்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். முழு ஆட்டம் வேண்டாம், கடைசியில் கொஞ்ச நேரம் இறங்கினால் போதும், அவனைப் பார்த்தாலே எதிர் அணி பயந்துவிடும் என்றார்கள். பையன் அழாத குறை. அவன் அப்பா இரண்டு மனதாக என்னிடம் வந்து நின்றார்.

"பத்து நிமிஷம்தானே டீச்சர்? ஆடட்டுமா?"

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒன்பது மாசம்னு சொன்னாரு. ஆனா பையன் நல்லாத்தானே இருக்கான்" என்றார். நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. அதனால் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, ஒரு கதை மட்டும் சொன்னேன்.

பிரேசில் ரொனால்டோ. இப்போதைய போர்ச்சுகல்காரர் அல்ல, அவருக்கு முந்தியவர். 1999 நவம்பரில் இத்தாலியில் இன்டர் அணிக்கு ஆடும்போது முட்டிச் சில்லின் தசைநார் கிழிந்தது. உலகமே அவர் வருகைக்காகக் காத்திருந்தது. 2000 ஏப்ரல் 12, ரோம் நகரில் கோப்பை இறுதிப்போட்டி, எதிரே லாசியோ. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். அப்போது அவருக்கும் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பத்து நிமிடம்கூட ஆடியிருக்க மாட்டார். பந்தோடு ஓடி உடம்பைத் திருப்பினார், முட்டி போய்விட்டது. அருகில் ஆள் இருந்தும் யாரும் தொடவில்லை. இம்முறை தசைநார் முழுவதும் அறுந்தது. அந்தச் சில நிமிடங்களுக்கு அவர் கொடுத்த விலை ஒரு வருடத்துக்கும் மேல். 2002-ல் உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல், தொடர் முழுவதும் எட்டுக் கோல் என்று அவர் மீண்டு வந்தது வேறு விஷயம். அவருக்குப் பின்னால் பெரிய கிளப், பெரிய டாக்டர்கள் இருந்தார்கள். நம் பையனுக்குப் பின்னால் ஒரு இ.எஸ்.ஐ. அட்டையும், லீவு போட்டால் சம்பளம் பிடிக்கப்படும் ஒரு அப்பாவும்தான்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். பையன் ஆடவில்லை. இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் கையில் கொடியோடு லைன்ஸ்மேனாக நின்றான். நம் அணி அரையிறுதியில் பெனால்டியில் தோற்றது. "அவன் ஒரு பத்து நிமிஷம் ஆடியிருந்தா..." என்ற பேச்சு இன்னும் டீக்கடையில் ஓடுகிறது. அவன் காதிலும் விழுகிறது.

இழப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஆண்டு மாநில அளவில் ஆடியிருந்தால் ஒரு சான்றிதழ் கையில் இருந்திருக்கும். விளையாட்டு வீரர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் உண்டு. அரசு வேலையில் 3 சதவீதம் உண்டு. ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி வீட்டில் அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வருத்தம் அந்த வீட்டில் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

அதனால்தான் நாம் எப்படிக் காத்திருக்கிறோம் என்பதும் முக்கியமாகிறது. பார்சிலோனாவின் அன்சு ஃபாத்தி 2020 நவம்பரில் முட்டி சவ்வு கிழிந்து விழுந்தபோது வயது 18. பல அறுவைகள். அவர் இன்னும் திரும்பி வராதபோதே மெஸ்ஸி போட்டிருந்த 10-ஆம் எண் சட்டையைக் கொடுத்தார்கள். 2021 செப்டம்பரில் திரும்பிய அன்றே கோல் அடித்தார். ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் காயங்கள் தொடர்ந்தன, அந்த அணியில் நிலைக்க முடியாமல் வேறு அணிகளுக்குப் போனார். அதே அணியின் காவி 2023 நவம்பரில் ஏ.சி.எல். கிழிந்தபோது வயது 19. பதினோரு மாதம் யாரும் அவசரப்படுத்தவில்லை. 2024 அக்டோபர் 20 அன்று, ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது இறக்கினார்கள். நண்பன் பெத்ரி தன் கையிலிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றி அவர் கையில் மாட்டிவிட்டார். ஒரு வருடம் காத்திருந்தவனுக்கு எவ்வளவு அழகான வரவேற்பு!

பெண் பிள்ளைகளைப் பெற்ற என் மாணவிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தக் காயம் பெண் ஆட்டக்காரர்களுக்கு இன்னும் அதிகமாக வருகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். அதற்காக ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். ஸ்பெயினின் அலெக்சியா புத்தேயாஸ் 2022 ஜூலையில் ஏ.சி.எல். கிழிந்து, 2023 ஆகஸ்டில் உலகக் கோப்பை வென்ற அணியில் நின்றார். ஆட்டத்துக்கு முன் செய்ய 'ஃபிஃபா 11+' என்று இருபது நிமிட வார்ம்-அப் பயிற்சி இருக்கிறது. யூடியூபில் கிடைக்கும், காசு வேண்டாம். பள்ளியில் பி.டி. ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஆண், பெண் இருவருக்கும் பயன்படும்.

பையனுக்கு இப்போது ஆறாவது மாதம் நடக்கிறது. காலையில் அம்மா துணையோடு உடற்பயிற்சி, மாலையில் படிப்பு. ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி அளந்து பார்க்கிறார்கள். காயமான கால் நல்ல காலின் அளவுக்குத் தொண்ணூறு சதவீதமாவது தாண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பந்து. நாளைக் காலண்டரில் குறித்து வைத்துக் கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தேதி இல்லை, அளவு இருக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அவனைப் பார்த்தால், போனில் பேசினால், "எப்ப ஆடுவே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவனே ராத்திரியில் தன்னிடம் நூறு தடவை கேட்டுக்கொள்கிறான். "இன்னிக்கு எத்தனை செட் செஞ்சே?" என்று கேளுங்கள். சந்தோஷமாகப் பதில் சொல்வான். பிளஸ் டூ தேர்வு நெருங்குகிறது, "கெமிஸ்ட்ரி எங்க வந்திருக்கு?" என்றும் கேளுங்கள். அதற்கு அவ்வளவு சந்தோஷமாகப் பதில் சொல்ல மாட்டான், ஆனாலும் கேளுங்கள்!

வெளியூரில் இருக்கும் அவன் டீம் அண்ணன்மார்களுக்கு: அவன் ஜெர்சி எண்ணை இந்த ஆண்டு வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று கேப்டன் சொன்னான். நல்ல காரியம். அதைக் காட்டி அவனை அவசரப்படுத்தாமல் மட்டும் இருங்கள்.

முட்டி அறுவை செய்துகொண்டு மீண்டவர்கள் நம் மாணவர்களில் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அவனிடம் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் டீச்சர்